கூட்டு வீட்டுக் கடன் இருக்கும்போது மணவிலக்கு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையும் அவள் கணவரும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிய முடிவு செய்திருக்கிறார்கள். குழந்தை அவளிடம் வளரும், அப்பா வந்து பார்க்கலாம் என்பதில் தகராறு இல்லை. இழுபறி எல்லாம் வீட்டுக் கடனில்தான்.

வீடும் கடனும் இருவர் பெயரிலும் இருக்கின்றன. வீட்டைத் தான் வைத்துக்கொண்டு தவணையைத் தானே கட்டுவதாகச் சொல்கிறார் மாப்பிள்ளை. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அது அவர்களுக்குள் மட்டும்தான். கடன் பத்திரத்தில் அவள் பெயர் இருக்கும்வரை, அவர் தவணை தவறினால் வங்கி அவளையும் கேட்கும். "நல்ல மனிதர், கட்டிவிடுவார்" என்கிறார்கள் உறவினர்கள். நல்ல மனிதருக்கும் வேலை போகும்.

இதைக் கடந்து வந்தவர்கள் உதவுங்கள். அவர் தனிப் பெயரில் கடனை மாற்றிக்கொண்ட பிறகுதான் அவள் தன் பங்கை எழுதிக் கொடுக்க வேண்டுமா? மனுவுக்கு முன்பே இதை முடிப்பது நல்லதா? அவருக்குத் தனியாகக் கடன் கிடைக்காவிட்டால், விற்பதைத் தவிர வேறு வழி உண்டா? இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் போதும் என்கிறார் அவர். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

தனிச்செய்தியில் எழுதினாலும் சரி. "சேர்ந்து வாழப் பாருங்கள்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள்.