பூஸ்டரை ஏவுதளத்துக்கே திருப்பாமல் நடுக்கடலில் இறக்குவது ஏன்?

முத்துக்குளி கேட்டது:

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு, அதாவது பூஸ்டர், சில பயணங்களில் புளோரிடாவின் கேப் கனாவரல் கரைக்கே திரும்பி இறங்குகிறது. பெரும்பாலான பயணங்களிலோ அட்லாண்டிக் கடலில் நிற்கும் ஆளில்லாக் கப்பலில் இறங்குகிறது. கரையில் உள்ள கான்கிரீட் தளம் ஆடாது, துறைமுகத்துக்கு இழுத்து வரும் செலவும் இல்லை. அப்படியிருக்க, அலையில் ஆடும் கப்பலை நம்புவதற்கு என்ன காரணம்? குடியிருப்புகளின் பாதுகாப்புக்காகத்தான் கடலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு காணொளியில் கேட்டேன். அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. கடல்தான் என்று முடிவான பிறகு கப்பல்கூட எதற்கு, பாராசூட் கட்டி நீரில் விழவைத்து எடுத்துக்கொள்ளலாமே என்ற ஐயமும் உண்டு.

விண்நோக்கி:

தங்கள் ஐயம் நியாயமானது. பாதுகாப்பு என்பது ஏவுதளத்தைக் கடலோரத்தில் அமைப்பதற்கான காரணம். உள்நாட்டில் அமைந்த சீனாவின் சீசாங் ஏவுதளத்திலிருந்து கிளம்பும் ராக்கெட்டுகளின் அடுக்குகள் கிராமங்களுக்கு அருகே விழுவதைப் பார்த்தாலே அது விளங்கும். கப்பலை நடுக்கடலில் நிறுத்துவதற்கான காரணம் எரிபொருள்.

ராக்கெட் செங்குத்தாக மேலே போய்ச் செயற்கைக்கோளை விட்டுவிட்டு வருவதில்லை. தாழ்வான சுற்றுப்பாதையில் நிலைக்க நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. கிடைமட்ட வேகம் வேண்டும் என்பதால், கிளம்பிய சிறிது நேரத்திலேயே அது கடலை நோக்கிச் சாயத் தொடங்குகிறது. ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களை ஏற்றிச் செல்வது போன்ற கனமான பயணங்களில், ஏறக்குறைய இரண்டரை நிமிடத்தில் முதல் அடுக்கு பிரியும்போது அதன் வேகம் மணிக்கு 8,000 கி.மீ. அளவில் இருக்கும், அதில் பெரும்பகுதி கரையை விட்டு விலகிச் செல்லும் வேகம். கரைக்குத் திரும்ப வேண்டுமானால் அந்த வேகத்தை முதலில் அழித்து, பிறகு எதிர்த்திசையில் புதிதாக வேகம் எடுக்க வேண்டும். அதற்கான மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் தொட்டியில் மிச்சம் வைக்க வேண்டும். மிச்சம் வைத்ததைச் சுமந்து ஏறுவதற்கும் எரிபொருள் செலவாகும்.

கப்பல் இருந்தால் இந்தத் திருப்பமே தேவையில்லை. பூஸ்டர் தான் போன போக்கில் வளைந்து, ஏவுதளத்திலிருந்து 600 கி.மீ.க்கும் அப்பால் விழப்போகிறது. அந்த இடத்தில் ஒரு தரையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள், அவ்வளவுதான். வளிமண்டலத்தில் நுழையும்போது மூன்று எஞ்சின்களைச் சிறிது நேரம் இயக்கி வேகத்தைக் குறைப்பதும், இறுதியில் ஓர் எஞ்சினால் இறங்குவதும் மட்டுமே மீதி வேலை. இதுவும் இலவசம் அல்ல. புவிநிலைப் பாதைக்கு முந்தைய இடைநிலைப் பாதைக்கு ஃபால்கன் 9, பூஸ்டரைக் கைவிட்டால் 8.3 டன் சுமக்கும். கப்பலில் மீட்டால் சுமார் 5.5 டன்தான். சுமை குறைவாக இருக்கும் பயணங்களில் மட்டுமே கரைக்குத் திரும்பும் ஆடம்பரம் கட்டுப்படியாகும்.

உந்துவிசை:

பாராசூட்டைப் பற்றி நான் சொல்கிறேன். 2010இல் பறந்த முதல் ஃபால்கன் 9 ராக்கெட்டுகளில் பாராசூட் இருந்தது; ஆனால் அது விரிவதற்கு முன்பே, வளிமண்டலத்தில் நுழையும்போது பூஸ்டர் உடைந்து போயிற்று. விண்வெளி ஓடங்களின் திட எரிபொருள் பூஸ்டர்கள் பாராசூட்டில் அட்லாண்டிக்கில் விழுந்து கப்பல்களால் மீட்கப்பட்டது உண்மைதான். அவை தடித்த எஃகு உருளைகள், கடலில் மோதுவதையும் உப்புநீரையும் தாங்கின. ஃபால்கன் பூஸ்டரோ அலுமினிய-லித்தியக் கலவையால் ஆன மெல்லிய தொட்டி, அடியில் ஒன்பது நுட்பமான எஞ்சின்கள். 2014 ஏப்ரலில் ஒரு பூஸ்டர் கடல் நீரின் மேல் மெதுவாகவே இறங்கியும், கொந்தளித்த அலைகளில் சிதைந்தது.

நெய்தல்நிலம்:

கப்பல் ஆடுகிறது என்பது இறங்கும் நொடியைவிட, இறங்கிய பிறகுதான் பெரிய தொல்லை. கப்பலின் தளம் ஏறத்தாழ 90 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் கொண்டது; பூஸ்டரின் விரிந்த கால்களுக்கு 18 மீட்டர் போதும். கப்பல் தன் உந்துகருவிகளால் குறித்த ஜிபிஎஸ் புள்ளியில் நிற்கிறது, பூஸ்டரும் அதே புள்ளியை நோக்கி வருகிறது. வந்து மிதந்து நிதானிக்க அதனால் முடியாது; ஓர் எஞ்சினை இயன்றவரை குறைத்து இயக்கினாலும், எரிபொருள் தீர்ந்த பூஸ்டரின் எடையைவிட உந்துவிசை அதிகமாகிவிடும் என்பதால், வேகம் சுழியமாகும் கணமும் தளத்தைத் தொடும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2015இலும் 2016 தொடக்கத்திலும் நடந்த முயற்சிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகத் தோற்றன: ஒன்றில், இறங்கும்போது திசையைக் கட்டுப்படுத்தும் துடுப்புகளை இயக்கும் ஹைட்ராலிக் திரவம் தீர்ந்தது, மற்றொன்றில் ஒரு கால் சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. 2016 ஏப்ரல் 8 அன்றுதான் முதன்முறையாக ஒன்று நின்றது.

நின்றதெல்லாம் கரை சேர்ந்ததா என்றால், இல்லை. 2019 ஏப்ரலில், மூன்று பூஸ்டர்களைப் பக்கவாட்டில் இணைத்த ஃபால்கன் ஹெவி ராக்கெட்டின் நடுப் பூஸ்டர் அழகாக இறங்கி, திரும்பும் வழியில் அலையில் சாய்ந்தது. பூஸ்டரை அடியில் பற்றிப் பிடிக்கும் ரோபோ அதற்குப் பொருந்தாத நிலையில் இருந்தது. 2023 டிசம்பரில் 19 முறை பறந்த ஒரு பூஸ்டரும் கடுங்காற்றில் கவிழ்ந்து முறிந்தது. ஏவுதளத்தில் வானம் தெளிவாக இருந்தும், மீட்கும் இடத்தில் கடல் சரியில்லை என்று ஏவுதலைத் தள்ளிவைப்பது இதனால்தான்.

முத்துக்குளி:

மூவருக்கும் நன்றி. எங்கள் மாவட்டத்தின் குலசேகரப்பட்டினம் ஏவுதளத்தில் இந்த முறைக்கு வாய்ப்பு உண்டா? நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது உதவும் என்கிறார்களே.

விண்நோக்கி:

நிலநடுக்கோட்டைப் பற்றிய பேச்சு அங்கே சற்று மிகைப்படுத்தப்படுகிறது. பூமியின் சுழற்சி தரும் ஊக்கம் கிழக்கு நோக்கி ஏவினால்தான் கிடைக்கும். குலசேகரப்பட்டினத்திலிருந்து ஏவப்போவது பெரும்பாலும் துருவப் பாதைக்கு, அதாவது தெற்கு நோக்கி. அந்த இடத்தின் உண்மையான பயன், இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை என்பதே. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் பாதையை வளைத்தாக வேண்டும். 500 கிலோ அளவே சுமக்கும் எஸ்எஸ்எல்வி போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவு தாங்காத செலவு.

பூஸ்டர் மீட்பைப் பொறுத்தவரை, எஸ்எஸ்எல்வியின் மூன்று அடுக்குகளும் திட எரிபொருள் கொண்டவை. அவற்றை வேண்டியபோது அணைத்து மீண்டும் பற்றவைக்க இயலாது. எனவே ஃபால்கன் முறையில் இறக்க முடியாது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அடுத்த தலைமுறை ஏவுகலத்துக்குத்தான் மீண்டும் பயன்படும் முதல் அடுக்கு திட்டமிடப்பட்டுள்ளது. அதற்கான மூன்றாவது ஏவுதளம் ஸ்ரீஹரிகோட்டாவில் அமையவிருக்கிறது. அங்கிருந்து கிழக்கே 600 கி.மீ. என்றால், சென்னைக்கும் அந்தமானுக்கும் ஏறக்குறைய நடுவழி. அங்கே கப்பல் நிறுத்துவதாக இருந்தால், நெய்தல்நிலம் சொன்ன கடல்நிலைச் சிக்கல், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வங்கக் கடல் புயல் மாதங்களில் கடுமையாகவே இருக்கும்.