செய்தி வரிசைக்கும் பணி வரிசைக்கும் ஒரே நெறிமுறை: எதெல்லாம் கட்டாயம் வேண்டும்?

கேள்வி:
டிசிபி (இரு கணினிகளுக்கிடையே பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் இணைப்பு) மேல் ஓடும் நெறிமுறை ஒன்றை வடிவமைக்கிறேன். செய்தி வரிசை (தகவலை ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவது), பணி வரிசை (செய்ய வேண்டிய வேலைகளைப் பகிர்ந்து கொடுப்பது) இரண்டுக்கும் ஒரே கிளையண்ட் லைப்ரரி போதுமானதாக இருக்க வேண்டும். ஃபிரேமை (ஒவ்வொரு கட்டளையையும் சுமக்கும் பைட் தொகுப்பை) எப்படி அமைக்கலாம்? 'போடு', 'எடு', 'முடி' தவிர வேறு என்ன கட்டளைகள் தேவை?

பதில் 1:
நீளம் 4 பைட், வகை 1 பைட், கோரிக்கை எண் 4 பைட், அப்புறம் உள்ளடக்கம். கோரிக்கை எண் இருந்தால்தான் பதில்கள் முன்பின்னாக வந்தாலும் எது எதற்கென்று தெரியும். செய்தி வரிசைகளுக்கான ஏஎம்க்யூபி என்ற நெறிமுறையின் 0-9-1 பதிப்பில் ஃபிரேமின் கடைசியில் 206 மதிப்புள்ள பைட் ஒன்று காவல் நிற்கும். நீளக் கணக்கு தப்பினால் அங்கேயே பிடிபடும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரேமின் உச்ச அளவை ஹேண்ட்ஷேக்கிலேயே (இணைப்பின் தொடக்கப் பேச்சில்) முடிவு செய்து, மெமரி ஒதுக்கும் முன்பே சரிபாருங்கள். இல்லையென்றால் நீளத்தின் நான்கு பைட்டும் 255 என்று வந்தாலே சர்வர் 4 ஜிபி ஒதுக்கப் பார்க்கும்.

பதில் 2:
ஃபிரேம் எளிது, 'முடி'தான் கஷ்டம். எடுத்தவர் முடிக்காமலே நின்றுபோகலாம். அதனால் பீன்ஸ்டாக்டி என்ற பணி வரிசை சர்வர் போல ஒவ்வொரு வேலைக்கும் கெடு வேண்டும்; அதற்குள் முடியாவிட்டால் வேலை வரிசைக்குத் திரும்பும். கூடவே 'விடு' (வேலையை வரிசைக்கே திருப்பிக் கொடுப்பது), 'கெடு நீட்டு' என்று இரண்டு கட்டளைகள்.

வேலை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 'அ' என்ற ஒர்க்கர் (வேலைகளை எடுத்துச் செய்யும் நிரல்) 30 நொடிக் கெடுவில் 81-ஆம் வேலையை எடுக்கிறது. கெடு தாண்டியதும் வேலை 'ஆ' என்ற இன்னொரு ஒர்க்கருக்குப் போகிறது. 40-ஆவது நொடியில் 'அ' வந்து "81-ஐ விடு" என்றால், 'ஆ' பாதி செய்துகொண்டிருக்கும்போதே அது மூன்றாவது ஒர்க்கர் கைக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறை வேலையைக் கொடுக்கும்போதும் புது டோக்கன் (அந்த ஒரு முறைக்கு மட்டுமான அடையாளம்). பழைய டோக்கன் வந்தால் 'காலாவதி' என்று பிழை. கெடுவை மில்லிநொடிக் கணக்கில் அனுப்புங்கள், கடிகார நேரமாக வேண்டாம். இரண்டு மெஷின் கடிகாரங்கள் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. செய்திகளைக் கொத்தாக அனுப்பினால்தான் வேகம் கிடைக்கிறது. பணிகளையும் அப்படி அனுப்பலாமா? ரூட்டிங் (எந்தச் செய்தி எந்த வரிசைக்கு என்று தீர்மானிப்பது) நெறிமுறைக்குள் வேண்டுமா?

பதில் 3:
பணிகளுக்குச் சரிவராது. ஒவ்வொன்றும் 5 நொடி பிடிக்கும் 10 வேலைகளை 30 நொடிக் கெடுவில் ஒரே ஒர்க்கருக்குக் கொடுத்தால், 7-ஆவதைத் தொடும்போதே அதன் கெடு தீர்ந்திருக்கும். மீதி நான்கும் இரண்டு தடவை ஓடும். எத்தனை வாங்கத் தயார் என்பதை ஒர்க்கரே சொல்லட்டும்: செய்திக்கு 200, பணிக்கு 1. இந்த ஒரு எண்தான் இரண்டு உலகையும் ஒரே நெறிமுறைக்குள் கொண்டுவருகிறது.

ரூட்டிங்கை வெளியே வையுங்கள். 2012-இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமான ஏஎம்க்யூபி 1.0-வும், 0-9-1-ல் ரூட்டிங் செய்த எக்ஸ்சேஞ்ச்களை விட்டுவிட்டது.

'போடு'வுக்கான பதில் வழியில் தொலைந்தால் கிளையண்ட் மறுபடி அனுப்பும், ஒரே வேலை இரண்டாகிவிடும். செய்தி எண்ணைக் கிளையண்டே உருவாக்கட்டும். சர்வர் அதைச் சில நிமிடங்கள் வைத்திருந்து, திரும்ப வந்தால் முதல் பதிலையே மறுபடி கொடுக்கட்டும்.