சூப்பர்காரை ஓட்டுவதா, மூடி வைப்பதா?

கொட்டிவாக்கம்_வி10
2016 மாடல் லம்போர்கினி ஹுராக்கான் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். ஓடோமீட்டர் இன்னும் 9,000 கிலோமீட்டரைத் தொடவில்லை. முதல் ஓனர் மாதம் ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைத்துவிடுவாராம். விற்றுக் கொடுத்தவரும் "அப்படியே வைத்திருங்கள் சார், கிலோமீட்டர் ஏறினால் விலை இறங்கும்" என்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் இதில்தான் ஆபீஸ் போவது, ஞாயிறு காலையில் ஈசிஆரில் மகாபலிபுரம் தாண்டிப் போய் வருவது என்று முடிவு செய்திருக்கிறேன். டர்போ இல்லாத 5.2 லிட்டர், பத்து சிலிண்டர் வி10, 8,000 ஆர்பிஎம்மைத் தாண்டிப் போகும். இதற்கு அடுத்து வந்த டெமராரியோவிலேயே வி8 டர்போதான். இப்படி ஒரு எஞ்சினைப் போர்வை போர்த்தி வைக்க மனம் வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோவை_பிஸ்டன்
வாழ்த்துகள். ஆனால் தினசரி ஆபீசுக்கு வேண்டாம். ஓஎம்ஆர் சிக்னலில் முதல் கியரில் ஊர்ந்து போவதற்காக இந்த வண்டியைச் செய்யவில்லை. ஹுராக்கானுக்கு முந்தைய கல்லார்டோவை இ-கியரோடு (ஒற்றை கிளட்ச், தானே கியர் மாற்றும்) வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், நெரிசலில் ஊர்ந்தே கிளட்சைத் தேய்த்து முடித்தவர்கள் நிறைய. ஹுராக்கானில் இரட்டை கிளட்ச், அதைவிடத் தாங்கும்தான். அதற்காகச் சும்மா சூடேற்றலாமா? அப்புறம் வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பதெல்லாம் அந்த விதியைப் பார்த்தா போட்டது? மூக்கைத் தூக்கும் பட்டன் இருந்தாலும் ஒருநாள் அடி தட்டும். கார்பன் செராமிக் டிஸ்க் ஒரு செட் மாற்றும் பணத்தில் நல்ல செடான் ஒன்று வாங்கிவிடலாம். டிராக்குக்குக் கொண்டு போங்கள். உங்களுக்கு இருங்காட்டுக்கோட்டை பக்கம், இங்கே வந்தால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மற்ற நாளில் பேட்டரி சார்ஜரை மாட்டி மூடி வையுங்கள்.

அல்கூஸ்_ஸ்பேனர்
தம்பி, நான் துபாய் அல் கூஸில் இந்த மாதிரி வண்டிகளைப் பிரித்துப் பூட்டிய ஆள், இப்போது திருச்சியில் இருக்கிறேன். எங்கள் ஷெட்டுக்குப் பெரிய செலவோடு வந்ததில் பாதிக்கு மேல் ஓடாத வண்டிதான். வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு. லிப்டில் ஏற்றினால் டயரின் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு, கூலன்ட் ஹோஸ் கையால் அமுக்கினால் மொறுமொறுவென்று இருக்கும், ஷாக் அப்சார்பர் சீல் காய்ந்து எண்ணெய் வடிந்திருக்கும். 360, எப்430 காலத்து ஃபெராரியில் ஏசி பட்டனைத் தொட்டால் மேல்பூச்சு உருகி விரலில் ஒட்டிக்கொள்ளும். மூன்று வருடம் வெயிலில் நின்ற வண்டி அது.

ஐடிலிங்கில் பத்து நிமிடம் விடுவதை முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும். கூலன்ட் சூடானதாக மீட்டர் காட்டும், அந்த நேரத்தில் ஆயில் சூடாகியிருக்காது. ஸ்டார்ட் செய்ததும் சைலன்சருக்குள்ளும் எஞ்சினுக்குள்ளும் சேரும் ஈரம் ஆவியாகும் முன்பே அணைத்துவிடுகிறீர்கள். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து நிற்கும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பிரேக், வீல் பேரிங் எதுவும் அசைவதே இல்லை. அதற்கு ஸ்டார்ட் செய்யாமலே விட்டிருக்கலாம்.

ஃபெராரி எஃப்355-க்கு டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடக் கணக்கில் மாற்றியாக வேண்டும், ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது. பிரேக் ஆயிலும் அப்படித்தான், நிற்கும்போதும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்.

கோவை_பிஸ்டன்
அண்ணே, ஹுராக்கானில் பெல்ட் கிடையாது, செயின். 355 கதையை இதற்குச் சொல்லக் கூடாது.

அல்கூஸ்_ஸ்பேனர்
சரி, செயின்தான். டயரும் ஹோஸும் சீலும் பிரேக் ஆயிலும் இதிலும் இருக்கிறதே. தம்பி, இன்று சாயங்காலம் டயரின் பக்கச்சுவரைப் பார். டாட் என்ற எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். வண்டியோடு வந்த அதே டயர் இன்னும் இருந்தால், டயர் பட்டன் தேயாமல் எவ்வளவு மீதி இருந்தாலும் கழற்றிப் போடு. ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் பட நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்து ஞாபகம் இருக்கிறதா? 2013 நவம்பர், கலிபோர்னியா, போர்ஷே கரேரா ஜிடி. டயர் ஒன்பது வருடப் பழசு என்று விசாரணையில் வந்தது. மூடி வைத்த வண்டியை ஒருநாள் எடுத்து மிதிப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

தரமணி_சைக்கிள்
அந்த விசாரணையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 45 மைல் எல்லை போட்ட தெருவில் 80-லிருந்து 93 மைல் வேகத்தில் போனார்கள் என்றும், காரணம் வேகம்தான் என்றும் விசாரித்த ஷெரீஃப் அலுவலகமே (அங்கத்திய போலீஸ்) 2014-இல் சொன்னது. வண்டியை ஓட்டியவர் வாக்கர் இல்லை, அவருடைய நண்பர், பந்தய அனுபவம் உள்ளவர். அவராலேயே பிடிக்க முடியவில்லை.

இந்தத் திரியில் எல்லோரும் கிளட்ச், டயர், விலை என்றே பேசுகிறீர்கள். சாலையில் மற்றவர்களும் இருக்கிறோம். 610 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மூன்றே கால் நொடிக்குள். உயரம் 1,165 மில்லிமீட்டர், மாநகரப் பேருந்து டிரைவருக்குப் பக்கத்தில் வந்து நின்றால் அவர் கண்ணிலேயே படாது. ஞாயிறு காலை ஈசிஆரில் என்ன நடக்கிறது என்று நான் அடிக்கடி பார்க்கிறேன். இப்படி ஒரு கார் போனதும் இரண்டு பையன்கள் பைக்கில் ஒட்டிக்கொள்வார்கள். பின்னால் இருப்பவன் ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுப்பான், ஹெல்மெட் இருக்காது. கார்க்காரர் சத்தம் காட்ட ஒருமுறை மிதிப்பார், அவர்களும் முறுக்குவார்கள். கோவளம் பக்கம் மீன் கூடையோடு சாலையைக் கடக்கிற அம்மாவுக்கு அந்த வேகத்தை எப்படிக் கணிக்கத் தெரியும்? டிராக்கில் ஓட்டுவதானால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

கொட்டிவாக்கம்_வி10
பையன்கள் துரத்துவது உண்மை, முதல் ஞாயிறே பார்த்துவிட்டேன். நான் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டி நின்றேன், அவர்கள் சலித்துப் போய்விட்டார்கள். ஆனால் வேகமாக ஓட்டுவதும் அடிக்கடி ஓட்டுவதும் வேறு வேறு. தினமும் ஓட்டுகிறவனுக்குத்தான் பிரேக் எங்கே பிடிக்கும், மழையில் பின்சக்கரம் எப்போது நழுவும் என்று கைக்குப் பழகும். வருடத்துக்கு நாலு தடவை எடுப்பவரைவிட தினமும் ஓட்டுகிறவனால் ஆபத்து குறைவு என்றே நினைக்கிறேன்.

விலை பற்றி: மிஸ்டர் பீன் நடிகர் ரோவன் அட்கின்சன் மெக்லாரன் எஃப்1 என்ற சூப்பர்கார் வைத்திருந்தார். மொத்தமே 106 வண்டிதான் செய்தார்கள். அதில் 41,000 மைல் ஓட்டினார். 2011-இல் மரத்தில் மோதி, சரிசெய்ய இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 9 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு. 5,40,000 பவுண்டுக்கு வாங்கியதை 2015-இல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார்.

கோவை_பிஸ்டன்
106 வண்டியில் ஒன்று, உலகமே அறிந்த நடிகர் ஓட்டியது. ஹுராக்கான் பல்லாயிரக்கணக்கில் வந்த வண்டி. உங்கள் ஓடோமீட்டரில் 40,000 வந்தால் இங்கே வாங்குகிறவர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார். அப்புறம் மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் ஞாபகம் இருக்கும். தேங்கிய தண்ணீரை எஞ்சின் இழுத்துவிட்டால் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சினுக்கென்று தனி கவர் எடுக்காமல் இருந்தால் இன்சூரன்ஸில் பைசா வராது.

அல்கூஸ்_ஸ்பேனர்
அந்த வெள்ளத்தில் பேஸ்மென்டில் மூடி வைத்த வண்டிகள்தான் கூரைவரை மூழ்கின. ஓட்டாமல் இருந்ததால் எது தப்பியது?

தம்பி, நீ கொட்டிவாக்கத்திலிருந்து ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று சொல்லவே இல்லை. ஆறேழு கிலோமீட்டர் என்றால் போகாதே. ஆயில் சூடாகும் முன்பே பார்க்கிங் வந்துவிடும், முதல் ஓனர் செய்ததைத்தான் நீயும் செய்வாய். வாரம் இரண்டு தடவை, ஒரு தடவைக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓடினால் போதும். ஆயில் சூடு ஏறும்வரை 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டாதே. மழை நாளில் வேறு வண்டி.

கொட்டிவாக்கம்_வி10
ஆபீஸ் பெருங்குடி அண்ணே, நீங்கள் சொன்ன தூரம்கூட வராது. அப்போ ஆபீஸ் திட்டத்தை விட்டுவிடுகிறேன், வாரம் இருமுறை அதிகாலையில் நீண்ட ஓட்டம். டயர் பார்த்தேன். முன்னால் இரண்டும் 0916. பின்னால் வலது பக்கம் 4715. நாலும் மாற்ற ஆர்டர் கொடுத்துவிட்டேன், வரும்வரை வண்டி அசையாது.

தரமணி_சைக்கிள்
டயர் மாற்றுவது நல்லது. அதிகாலை ஓட்டத்துக்கு ஈசிஆர் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. ஐந்தரை மணிக்கு அங்கே நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், பால்காரர், சைக்கிள் பயிற்சிப் பிள்ளைகள் எல்லோரும் சாலையில்தான் இருப்போம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடுவில் தடுப்பு உள்ள நெடுஞ்சாலையில் போங்கள், அங்கேயும் நூறுக்கு மேல் வேண்டாம். அந்த வழியில்தான் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது, மிதிக்க ஆசை வந்தால் உள்ளே திரும்பி மிதியுங்கள்.