ஒரு பிள்ளைக்கு ஒரு லட்சம்: இந்தச் சராசரியை வைத்து நியாயம் பேசலாமா?

நெல்லை_தாராவி:
மும்பை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். அதில் கல்விக்கு 3,955 கோடி, அதாவது நூற்றுக்கு ஐந்து ரூபாய் சொச்சம். நம்ம ஊர்க்காரர் குழுவில் ஒருவர் உடனே வகுத்துப் பார்த்துவிட்டார். முனிசிபல் பள்ளிகளில் மூன்று லட்சம் சொச்சம் பிள்ளைகள். தலைக்கு வருஷம் ஒரு லட்சத்துக்கு மேல் செலவாகிறது. இதைவிட என்ன நியாயம் வேண்டும் என்றார். குழுவில் பேச்சு அதோடு நின்றுபோனது.

எனக்கு மனசு ஆறவில்லை. தாராவி இருப்பது ஜி வடக்கு வார்டில். வசதியானவர்கள் இருக்கும் சிவாஜி பார்க்கும் அதே வார்டுதான். வார்டு வாரியாகக் கணக்குக் கொடுத்தாலும் 'ஜி வடக்கு' என்று ஒரே வரிதான் வரும். பார்க்கைச் சுற்றிப் போடும் நடைபாதையும், எங்கள் சாலுக்கு (வரிசைக் குடியிருப்புக்கு) பின்னால் மூடாமல் கிடக்கும் சாக்கடை நாலாவும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். வார்டையே இப்படிப் பார்க்க முடியாதபோது, ஊர் முழுக்க ஒரு சராசரி போட்டு எந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாட்டுங்கா_ஆடிட்டர்:
நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் சராசரியைத் தூக்கிப் போட்டுவிட்டால் கையில் வேறு என்ன இருக்கிறது? பொதுப் பணம் என்றால் கொடுத்த ரூபாய்க்கு என்ன வந்தது என்று கேட்டே ஆகவேண்டும். இந்த ஒரு லட்சத்தில் பாதிகூட வாங்காமல் நடக்கும் தனியார் பள்ளிகள் சயானிலும் வடாலாவிலும் இருக்கின்றன. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பள்ளிக்கு ஆகும் செலவு, அறுபது பேர் நெருக்கிக்கொண்டு உட்காரும் உருதுப் பள்ளிப் பிள்ளையின் பங்கிலிருந்துதான் போகிறது. அந்தப் பிள்ளைக்கு இது அநியாயம் இல்லையா? சின்னப் பள்ளிகளை இணையுங்கள், மிச்சமாகும் பணத்தை நெரிசல் உள்ள இடத்தில் போடுங்கள் என்கிறேன்.

சீத்தாகேம்ப்_டீச்சர்:
ஆடிட்டர் சார், முப்பது வருஷத்துக்கு மேல் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். உருதுப் பள்ளியில் நெரிசல் இருப்பது உண்மை. அதற்குக் கூடுதல் வகுப்பறை வேண்டும் என்று உங்களோடு சேர்ந்து நானும் கேட்பேன். ஆனால் உங்கள் வகுத்தல் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது.

கல்வி பட்ஜெட்டில் பெரும்பகுதி சம்பளமும் ஓய்வூதியமும். என் ஓய்வூதியமும் அதில்தான் வருகிறது. இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு பென்சில்கூட வராது. ஆனால் உங்கள் கணக்கில் அது அவன் தலையில் எழுதப்படுகிறது.

அடுத்தது, பிள்ளைகள் குறையக் குறைய இந்தத் தலைக்குச் செலவு தானாக ஏறும். நூறு பேர் படித்த பள்ளியில் நாற்பது பேர் நின்றுவிட்டால், மிச்சமுள்ள அறுபது பேருக்கும் அரசு திடீரென்று அள்ளிக் கொடுப்பதுபோல் தாள் சொல்லும். நின்றுபோன நாற்பது பேர் எங்கே என்று தாள் சொல்லாது. பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

சின்னப் பள்ளிக்குச் செலவு கூடுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருக்கவேண்டும். இருபது பேர் இருந்தாலும் இரண்டு பேர்தான். இதை வீண் என்று எழுதினால், அந்தச் சட்டத்தையே வீண் என்கிறோம்.

மாட்டுங்கா_ஆடிட்டர்:
டீச்சர், ஓய்வூதியத்தைப் பிரித்துக் காட்டவேண்டும் என்பதை முழுசாக ஏற்கிறேன். தணிக்கையில் நானும் அதையே கேட்பேன். ஆனால் தமிழ்ப் பள்ளியில் பிள்ளை குறைந்ததற்கு அரசு மட்டுமா காரணம்? பெற்றோரே ஆங்கிலப் பள்ளிக்குத்தான் ஓடுகிறார்கள். மாநகராட்சியே சிபிஎஸ்இ பள்ளி திறந்ததும் சேர்க்கைக்கு எவ்வளவு கூட்டம் என்று பார்த்தோமே. மக்கள் காலால் வாக்களித்த பிறகு பணமும் அந்தப் பக்கம் போவதுதான் முறை. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடமும் இருக்கிறது. அதையும் நன்றாகப் பயன்படுத்தலாம்.

வாஷி_குமரன்:
25 சதவீதத்தைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன் சார். 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு விதியைத் திருத்தியது. அரசுப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் தனியார் பள்ளி அந்த இடங்களைத் தரவேண்டாம் என்றது. அந்த ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பக்கத்தில் அரசுப் பள்ளி இருக்கிறது, தனியார் வேண்டாம் என்று ஒருபுறம். பிள்ளை இல்லை, அரசுப் பள்ளி வேண்டாம் என்று இன்னொருபுறம். இரண்டும் ஒரே குடும்பத்தின் தலையில் விழுந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

மத்திய பட்ஜெட்டிலும் இதே கதைதான். 2025-26இல் கேந்திரிய வித்யாலயாக்களுக்குச் சுமார் 9,500 கோடி. அங்கே படிப்பவர்கள் பதின்மூன்று லட்சம் சொச்சம். நாடு முழுக்க உள்ள அரசுப் பள்ளிகளுக்கான சமக்ர சிக்ஷாவுக்கு 41,250 கோடி. அங்கே பிள்ளைகள் கோடிக்கணக்கில். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

மாட்டுங்கா_ஆடிட்டர்:
தம்பி, கேந்திரிய வித்யாலயாவின் செலவு பெரும்பாலும் மத்திய அரசுடையது. மற்ற அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தின் பெரும்பாரத்தை மாநிலம் தாங்குகிறது. சமக்ர சிக்ஷா அதற்கு மேல் வரும் பணம். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் கணக்கு சாயும். மத்திய பட்ஜெட்டோடு வரும் குழந்தைகளுக்கான அறிக்கையிலும் இதே சிக்கல்தான். 2025-26 பட்ஜெட்டின் 50.65 லட்சம் கோடியில் குழந்தைகளுக்கு 1.16 லட்சம் கோடி, ஆக 2.3 சதவீதம், 2011 மக்கள்தொகைக் கணக்கில் 18 வயதுக்குக் கீழானவர்கள் 39 சதவீதம், ஆகவே அநீதி என்று பலர் எழுதுகிறார்கள். வட்டி, ராணுவம், மாநிலங்களுக்குப் போகும் மானியம் எல்லாம் அந்த 50 லட்சம் கோடிக்குள் இருக்கிறது. மக்கள்தொகைச் சதவீதத்தை அப்படியே பட்ஜெட்டில் எதிர்பார்க்க முடியாது.

வாஷி_குமரன்:
மாநிலப் பணத்தையும் சேர்த்தே ஒப்பிடுங்கள் சார், அதற்கு நான் தயார். ஆனால் மத்தியம், மாநிலம், மாநகராட்சி மூன்றையும் சேர்த்து 'இந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு இவ்வளவு' என்று காட்டும் ஒரு தாளை நான் எங்கேயும் பார்க்கவில்லை. ஆளுக்கொரு தாளைக் காட்டி அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

பால்வாடி_அக்கா:
நீங்க எல்லாரும் பள்ளிக்கூடத்தப் பத்தியே பேசுறீங்க. ஆறு வயசுக்கு முன்னாடி பிள்ளைக்கு வயிறு இல்லையா? கல்வி உரிமைச் சட்டமே ஆறு வயசுலதான் தொடங்குது. நான் பால்வாடியில, அதான் அங்கன்வாடியில, உதவியாளரா இருக்கேன். அங்கன்வாடிப் பிள்ளைக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு 8 ரூபாய். இது 2017இல் போட்ட ரேட்டு. வருஷம் 300 நாள்னா 2,400 ரூபாய். இதுல பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. பள்ளிக்கூடத்து மதிய உணவுல தொடக்க வகுப்புப் பிள்ளைக்குச் சமையல் செலவு 2017இல் 4 ரூபாய் 13 பைசா. அதப் படிப்படியா ஏத்தி 2025 மே மாசம் 6 ரூபாய் 78 பைசாவாக்கிட்டாங்க, அதுவும் தானியம் தனி. இந்த எட்டு ரூபாய் மட்டும் அத்தனை வருஷமும் அப்படியே கிடந்துச்சு.

எங்க பால்வாடி பத்துக்குப் பத்து வாடகை ரூம். பச்சத் கட் (மகளிர் சுய உதவிக் குழு) அம்மாக்கள் டப்பாவுல கிச்சடி கொண்டாருவாங்க. எல்லாப் பிள்ளையும் ஒரே பந்தியில உட்கார இடம் பத்தாது. பாதிப் பேரைச் சுவரோரம் நிக்கவச்சு, முதல் பந்தி முடிஞ்சதும் அதே பாயத் தொடச்சுப் போட்டு உட்கார வைப்பேன். எடை பார்க்கிற மெஷினக் கதவுக்கு வெளிய வச்சாத்தான் உள்ள ஆள் நடக்க முடியும். வெளிய தரை சாய்வு, முள்ளு நேரா நிக்காது. அந்த எடையத்தான் போன்ல ஏத்துறோம். பெருநகரத்துல ரூமுக்கு வாடகை மாசம் இவ்வளவு வரைக்கும்தான்னு விதி. 90 அடி ரோட்டுப் பக்கம் அந்தக் காசுக்குத் தண்ணியும் கழிப்பறையும் சேர்ந்த கோலி (ரூம்) யாரு தருவா? இந்தப் பிள்ளைகளோட கணக்கு உங்க ஒரு லட்சத்துல எங்கயும் வராது.

நெல்லை_தாராவி:
அக்கா, நான் கேட்க நினைத்ததை நீங்கள்தான் சரியாகச் சொன்னீர்கள். முட்டையையும் பாருங்கள். 2023 நவம்பரில் வாரம் ஒரு முட்டை என்று மகாராஷ்டிரப் பள்ளிகளில் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் அதற்கான அரசுப் பணத்தை நிறுத்திவிட்டு, வேண்டுமானால் மக்களிடம் நன்கொடை வாங்கிப் போடுங்கள் என்றார்கள். பாந்திராவில் நன்கொடை கிடைக்கும். மான்குர்திலும் கோவண்டியிலும் யார் கொடுப்பார்? 2009-இல் வந்த மும்பை மனித வளர்ச்சி அறிக்கை அவை இருக்கும் எம் கிழக்கு வார்டைத்தான் கடைசியில் வைத்தது. எங்கே தேவை கூடுதலோ அங்கேதான் கொடுக்கும் கை குறைவு. காமராஜர் காலத்து மதிய உணவைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நன்கொடையாளர் இருக்கிற ஊரில் மட்டும் சோறு என்று இருந்திருந்தால் நம் தாத்தா பாட்டிக்கு அது எட்டியிருக்குமா?

இன்னொன்று. மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் 2023, 2024, 2025 மூன்று பட்ஜெட்டையும் கமிஷனரே நிர்வாகியாக இருந்து போட்டார். நிலைக்குழுவில் எழுந்து 'என் வார்டுப் பள்ளிக்கு ஏன் இவ்வளவுதான்' என்று கேட்க அப்போது ஒரு கவுன்சிலர்கூட இருக்கவில்லை.

மாட்டுங்கா_ஆடிட்டர்:
பால்வாடி அக்கா சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. விலைவாசி ஏறும்போது ஒரு தொகையை அப்படியே விட்டால் அது வெட்டுதான். அதை அறிவிக்காமல் செய்கிறார்கள், அவ்வளவே. ஆறு வயதுக்குக் கீழே முதலில் பணம் போடவேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்.

பள்ளி இணைப்பில் மட்டும் என் கருத்து மாறவில்லை. பிள்ளை குறைந்த பள்ளிகளைத் தொடாமலே வைத்திருந்தால் அக்காவின் பால்வாடிக்குப் போடவும் பணம் இருக்காது.

சீத்தாகேம்ப்_டீச்சர்:
அந்தப் பணம் பால்வாடிக்கு வராது சார். பள்ளி மாநகராட்சியுடையது, அங்கன்வாடி மாநிலத்துடையது. இங்கே மிச்சம் பிடித்தால் இங்கேயே வேறு தலைப்பில் செலவாகும். கடற்கரைச் சாலைக்குப் பன்னிரண்டாயிரம் கோடிக்கு மேல் போட்ட மாநகராட்சிக்கு, இரண்டு ஆசிரியர் உள்ள தமிழ்ப் பள்ளிதான் பாரமா? தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லி அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு இருக்கிறது.

பெற்றோர் ஆங்கிலத்துக்குப் போவதை நான் தடுக்கவில்லை. போக வழி இல்லாத பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறேன். பள்ளி இடம் மாறினால் சின்னப் பெண் பிள்ளை தனியாகப் பெரிய ரோட்டைத் தாண்டவேண்டும். அம்மா காலை ஏழு மணிக்கே வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். கொண்டுவிட ஆள் இல்லாமல் பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடும். நீங்கள் இணைக்கச் சொல்லும் ஒவ்வொரு பள்ளிக்கும் பழைய பட்டியலை எடுத்து, அடுத்த ஜூனில் ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறது என்று பெயர் பெயராகக் காட்டட்டும். அதுவரை அதை மிச்சம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாட்டுங்கா_ஆடிட்டர்:
அந்த நிபந்தனை சரி. பிள்ளை வரவில்லை என்றால் மூடக்கூடாது. எல்லோரும் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் நீங்களும் எதிர்க்கக்கூடாது.

நெல்லை_தாராவி:
அண்ணாச்சி, அப்படியானால் தகவல் உரிமை மனுவை இதை வைத்தே எழுதிவிடலாம். ஜி வடக்கு, எம் கிழக்கு இரண்டு வார்டுக்கும் பள்ளி வாரியாக: ஓய்வூதியம் நீக்கிய செலவு, ஒதுக்கியதில் மார்ச் 31 வரை உண்மையில் செலவானது, ஐந்து வருஷச் சேர்க்கை, இடம் மாறிய பிள்ளைகளின் எண்ணிக்கை. அங்கன்வாடிக்கு மாநிலத் துறைக்குத் தனி மனு. நான் மராத்தியில் வரைவு போடுகிறேன். கணக்குத் தலைப்புகளை நீங்கள் சரிபார்த்துக் கொடுங்கள். அக்கா, வாடகை பற்றி என்ன கேட்கவேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

பால்வாடி_அக்கா:
வாடகை எத்தனை மாசம் பாக்கின்னும் கேளுங்க.