பார்வை நகர்ந்தால் கண்மணி அளவும் மாறுகிறது, எப்படித் திருத்துவது?

மூன்று வாரமாக இதிலேயே சிக்கி நிற்கிறேன். கண் அசைவைப் பதியும் கருவியோடு செய்யும் வாசிப்புச் சோதனையில் பார்வை வலப்பக்கம் போகப் போக, பதிவாகும் கண்மணிப் பரப்பு சுமார் 8 சதவீதம் குறைகிறது. திரை வெளிச்சமும் அறை வெளிச்சமும் மாறவே இல்லை.

கருவி மேசையில் வைக்கும் அகச்சிவப்பு வகை. ஒரு கண் மட்டும், நொடிக்கு 1000 பதிவு, தூரம் 60 செ.மீ. கேமரா திரைக்குக் கீழே, சற்று இடப்பக்கம்.

தாடைத் தாங்கி வைத்தேன், மறுபடி அளவுதிருத்தம் செய்தேன், கண் சிமிட்டிய பகுதிகளை நீக்கினேன். மாற்றமில்லை. அப்புறம் 4 மி.மீ. கறுப்பு வட்டம் அச்சடித்து, கண் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். அளவு அசையவில்லை, வட்டத்தைச் சாய்த்தால் மட்டும் இதேபோல் குறைகிறது. ஆக, கோணம்தான் காரணம் என்று நம்புகிறேன்.

வாசிப்பு என்பதால் பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்த முடியாது. பதிவான பரப்பை, பார்வைக்கும் கேமராவுக்கும் இடையிலான கோணத்தின் கோசைனால் வகுப்பதா, ஒவ்வொருவருக்கும் தனித் திருத்த வரைபடம் (திரையின் எந்த இடத்தைப் பார்த்தால் எவ்வளவு திருத்த வேண்டும் என்ற அட்டவணை) எடுப்பதா, எது நம்பகமானது?