கலைச்சொல் தேவை: புல்தரையில் 'தாட்ச்'

குழுமத்தாருக்கு வணக்கம்.

வீட்டுப் புல்தரைப் பராமரிப்புக் கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. 'தாட்ச்' (thatch) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்தில் மட்டும் எழுத்து நின்றுவிட்டது. பச்சைப் புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே மெத்தென்று பழுப்பாகச் சேருமே, அந்த அடுக்கு. இப்போதைக்கு 'சருகுப்படலம்' என்றும், அதை எடுப்பதைச் 'சருகு நீக்கம்' என்றும் போட்டிருக்கிறோம். இதுவே போதுமா?

——

> 'சருகுப்படலம்'

இது மட்டும் வேண்டாம் ஐயா. சருகு என்றால் மேலிருந்து உதிர்வது. இந்த அடுக்கோ புல்லிலிருந்தே உருவாகிறது: ஓடுதண்டு (தரைமேல் படரும் தண்டு), மட்டநிலத்தண்டு (மண்ணுக்குள் படரும் தண்டு), தூர், வேர் ஆகியவற்றின் இறந்த பகுதியும் உயிருள்ள பகுதியும் பின்னிக் கிடப்பது. இவற்றில் லிக்னின் என்ற கடினமான மரப்பொருள் அதிகம் என்பதால் மட்க நாளாகும். வெட்டி விழும் இலைத்துணுக்கு அப்படியல்ல. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். சில வாரங்களில் கரைந்துவிடும்.

சொல் தவறினால் வேலையும் தவறும். 'சருகு' என்று படித்தவர் வெட்டிய புல்லை எல்லாம் பையில் பிடித்து வெளியே கொட்டுவார். புல்தரைக்குத் தேவையான தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு அதோடு போய்விடும். அதை ஈடுகட்ட உரம் கூடும், உரம் கூடினால் ஓடுதண்டு பெருகும், அடுக்கு இன்னும் தடிக்கும். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால் துணுக்கை அப்படியே விட்டுவிடலாம். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

அடுக்கு சேருவதற்கு மற்ற காரணங்கள்: தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கும் நீர், இறுகிய மண், அமிலம் மிகுந்த மண், மண்புழுவையும் சேர்த்துக் கொல்லும் பூச்சிமருந்து. சுருங்கச் சொன்னால், மட்கும் வேகத்தைவிட வளரும் வேகம் கூடிவிட்டது.

——

ஆங்கிலத்தில் வேய்ந்த கூரையைக் குறிக்கும் சொல்தானே 'தாட்ச்'. 'வேய்படலம்' எனலாமே? அல்லது மண்ணை மூடப் பரப்பும் தழைக்கு மூடாக்கு என்ற சொல் இயற்கை வேளாண்மையில் நன்றாகப் பழகிவிட்டது, 'உள்மூடாக்கு'?

——

மூடாக்கு நாம் போடுவது, நல்லதுக்காகப் போடுவது. அந்தப் பெயரைச் சூட்டினால் யாரும் அதை எடுக்கவே மாட்டார்கள் அம்மா. 'வேய்' என்றால் நாமே பரப்பியது என்ற பொருள் வந்துவிடுகிறது.

என் பரிந்துரை புற்சடை. வாராத முடி சிக்குப் பிடித்துச் சடையாவது போல, தானே வளர்ந்து தானே பின்னிக்கொண்டது என்பது சொல்லிலேயே இருக்கிறது. 'சடை பிடித்த புல்தரை' என்று பேச்சிலும் வரும். பழம்பாடல் படித்தவர்களுக்குச் சிவனின் 'புன்சடை' நினைவுக்கு வரலாம்; வந்தால் வரட்டும், கெடுதல் இல்லை.

எந்தப் புல் என்பதையும் குறிப்பிட வேண்டும். அருகம்புல்லும் சோய்சியா என்ற புல்லும் எளிதில் சடை பிடிக்கும், ஓடிப் படரும் புல் என்பதால். தூர்கட்டி வளரும் உயர ஃபெஸ்க்யூ (tall fescue) போன்ற புல்வகைகளில் இது பெரும்பாலும் தொல்லையே இல்லை.

——

புற்சடைக்கு என் ஓட்டும். ஆனால் 'சடை நீக்கம்' வேண்டாம், முழுக்க எடுக்க வேண்டும் என்று தோன்றும். 12 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது: மிதிபடும் அழுத்தத்தைத் தாங்கும், மண்ணின் ஈரத்தையும் காக்கும். அதற்கு மேல் போனால்தான் சிக்கல். காய்ந்த சடை தண்ணீரை உள்ளே விடாது. தெளித்தது பக்கவாட்டில் ஓடிவிடும். வேர் மண்ணுக்குள் இறங்காமல் சடையிலேயே தங்குவதால், நாலு நாள் வெயிலில் புல் சுருண்டுவிடும். புல்வெட்டியின் சக்கரமும் மெத்தில் புதைந்து, கத்தி தாழ்ந்து, அங்கங்கே மொட்டை விழும்.

'சடை குறைப்பு' என்பதே சரி. கையால் இழுக்கும் கருவி 'சடைவாரி'. இயந்திரத்துக்கு 'வாரி' பொருந்தாது. அதில் கத்திகள் செங்குத்தாகச் சுழன்று கிழிக்கின்றன. 'செங்குத்து வெட்டி' என்று தனியாகவே இருக்கட்டும்.

அளக்கும் முறை: கத்தியால் 7–8 செ.மீ. ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு துண்டு வெட்டி எடுங்கள். பச்சைக்குக் கீழே, மண்ணுக்கு மேலே உள்ள பழுப்பை லேசாக அமுக்கி அளவுகோல் வையுங்கள். மூன்று நான்கு இடத்தில் பாருங்கள், ஓரத்தில் மட்டும் பார்த்தால் ஏமாற்றும்.

புல் வேகமாக வளரும் பருவத்தில்தான் கிழிக்க வேண்டும். வெப்பப் பருவப் புல்லுக்கு (அருகம்புல், சோய்சியா போன்றவை) வசந்தத்தின் இறுதி, குளிர்ப் பருவப் புல்லுக்கு (ஃபெஸ்க்யூ போன்றவை) கோடை முடிந்த கையோடு. உறக்கத்தில் இருக்கும்போது கிழித்தால் ஆறாது. திறந்த மண்ணில் களை முந்திக்கொள்ளும். 2.5 செ.மீ. தாண்டிய சடையை ஒரே தடவையில் எடுத்தால் வேரோடு பெயர்ந்து வரும், ஏனென்றால் வேர் இருப்பதே அங்கேதான். இரண்டு பருவமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செயின்ட் அகஸ்டின் புல்லில் கூடுதல் கவனம் வேண்டும்: அதற்கு மட்டநிலத்தண்டு கிடையாது, ஓடுதண்டை அறுத்துவிட்டால் கீழிருந்து துளிர்க்க எதுவும் இல்லை.

——

நன்றி. பதிவு இப்படி அமைகிறது:

புற்சடை (பெ.): புல்லின் பசும்பகுதிக்கும் மண்ணுக்கும் இடையே தண்டு, தூர், வேர் ஆகியவை மட்காமல் பின்னிச் சேரும் அடுக்கு. வெட்டிய இலைத்துணுக்கு இதில் சேராது.

இன்னொன்று. மண்ணில் குழல்போல் துளையெடுத்துக் காற்றூட்டிய பிறகு மேலே மெல்லிய மட்குரம் பரப்புகிறார்களே, 'டாப் டிரெஸ்ஸிங்'. அதற்கு 'மேலுரம்' என்று எழுதலாமா?

——

கூடாது. வயலில் மேலுரம் என்றால் நட்ட பிறகு போடும் உரம். படித்தவர் யூரியாவைத் தூவிவிடுவார், அதுவே சடையை வளர்க்கும். இங்கே நோக்கம் சத்து மட்டுமல்ல, மட்கவைக்கும் நுண்ணுயிரைச் சடைக்குள் இறக்குவதும்தான். 'மேற்தூவல்' என்று போடுங்கள், அளவையும் சேர்த்து: சலித்த மட்குரம் 5 மி.மீ. கனம், அதாவது 100 சதுர மீட்டருக்கு அரை கன மீட்டர். துளை 5 முதல் 8 செ.மீ. ஆழம். வெளியே வந்து கிடக்கும் மண்குழல்களை வாரிக் கொட்டாமல், காய்ந்ததும் உடைத்து அங்கேயே விட வேண்டும். தூவிய பிறகு வாரியின் முதுகால் தேய்த்து விடுங்கள், புல்நுனி வெளியே தெரிய வேண்டும்.