புதுப்பிப்பு: கிரெடிட் கார்டு கடன் அடைந்தது, அடைத்த பிறகும் ஒரு பில் வந்தது

பகலில் ஜவுளிக்கடைக் கணக்கு, மாலையில் டியூஷன் என்று இரண்டு வேலை பார்த்தும் கார்டு பாக்கி குறையவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, வளையலை வங்கியில் அடகு வைத்துக் கார்டை மொத்தமாக அடைக்கச் சொன்ன யோசனைதான். மனைவி முகம் சுளித்தபடியே கழற்றித் தந்தாள். கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு, நகைக்கடனுக்கு ஆண்டுக்கே 9.5தான். டியூஷன் பணம் வந்த அன்றே நகைக்கடனில் கட்டிவிடுகிறேன். சம்பளம் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சரியாகப் போகிறது. சீட்டை ஏலத்தில் தள்ளி முன்கூட்டியே எடுக்கும் யோசனை ஒத்துவரவில்லை; தள்ளுபடியிலேயே பெருந்தொகை போய்விடும்.

எதிர்பாராதது ஒன்று. பில்லில் இருந்த முழுத் தொகையையும் கட்டிய பிறகு, அடுத்த மாதம் மறுபடியும் வட்டி வந்தது. பில் போட்ட தேதிக்கும் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கானதாம்! அதையும் கட்டிவிட்டுத்தான் கார்டை மூடக் கேட்டேன். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் வங்கி 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நமக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மின்னஞ்சலில் இதைக் குறிப்பிட்ட பிறகே மூடினார்கள். பாக்கி இல்லை என்ற சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.